பெயர் போடாத வைத்தியம்

(கோவில்பட்டியில் சினிமா ஆர்வமுள்ள இளைஞர்கள் கூடிய நிகழ்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

 

'தமிழ் சினிமாவில் கரிசல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கி.ரா., பூமணி, சோ.தர்மன் என்று மூன்று பெயரைச் சொல்லி, நான்கு படத்தைச் சொல்லி, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய தலைப்புதான். அந்தப் பேச்சை நீங்கள் வேறு மேடைகளில் கேட்டிருப்பீர்கள். நான் ஒரு லாட்ஜ் அறையில் இருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு படக்குழு லொகேஷன் பார்க்க நம் ஊருக்கு வந்து, லாட்ஜில் இரண்டு அறை போட்டிருந்தது. அதில் உதவி இயக்குநராக இருந்தவர் என் கல்லூரித் தோழர். "தோழர், நீங்க தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்களப் பத்தித்தான ஆராய்ச்சி பண்றீங்க. அஞ்சு நாள் டிஸ்கஷனுக்கு வாங்க, நம்ம ஊர்க் கதை" என்று கூப்பிட்டார். நம்ம ஊர்க் கதை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. போனேன்.

திரைக்கதை பைண்ட் போட்டுத் தயாராக இருந்தது. படித்தேன். சித்திரையில் உளுந்து விதைக்கிறார்கள். வெடித்துக் கிடக்கும் கரிசலில், மானாவாரி நிலத்தில், சித்திரையில்! புரட்டாசி மழையைப் பார்த்து வானத்தை அண்ணாந்துகொண்டு நிற்கிற ஊர் இது. நாயகி தீப்பெட்டி ஆபீஸில் குச்சியை மருந்தில் முக்குகிறாள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ஆண்கள் பார்த்த வேலை. பெண்களும் பிள்ளைகளும் பார்த்தது கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும். எல்லாக் கதாபாத்திரமும் எல்லோரையும் 'ஏலே' என்கிறது, மாமியார் மருமகளைக்கூட. தெற்கத்திப் பேச்சென்றால் ஏலே போட்டால் போதும் என்று யாரோ சென்னையில் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

ஐந்து நாளும் உட்கார்ந்து சரிசெய்தோம். வேலையை மாற்றினோம், மாதத்தை மாற்றினோம், வசனத்தை வரிவரியாகப் பேசிப் பார்த்து மாற்றினோம். நான்காம் நாள் என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் சிறு வயதில் இருந்து கட்டை அடுக்கியவர். வரிப்பள்ளம் போட்ட சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும், கூலி கட்டைக் கணக்கு. இன்றைக்கும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல் அடுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

பெரியம்மா லாட்ஜ் கட்டிலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். விடியுமுன்னே ஆபீஸ் வேன் ஊருக்குள் வந்துவிடும். பிள்ளை எழும்பாது. அவருடைய அம்மா, அதாவது என் ஆச்சி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டுபோய் வேனுக்குள் கிடத்திவிட்டு வருவார். பெரியம்மா கண் முழிப்பது ஆபீஸ் வாசலில்தான். திரும்பி வருவது இருட்டில். "ரெண்டு வருசமா எங்க ஆபீஸு எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது தாயி. ஒரு நா எங்கம்மாட்ட கேட்டேன், ஏம்மா நம்ம ஆபீஸு கிழக்க இருக்கா மேக்க இருக்கான்னு. அவ அழுதுட்டா" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே கலங்கினார், அதை நான் மறுக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொன்னார் பெரியம்மா. ஆபீஸில் தண்ணீர்ப் பானை இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதில் மொண்டு குடிக்கக்கூடாது. கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும், வேறு ஒருவர் மேலே இருந்து ஊற்றுவார். மருந்து ஒட்டிய கை. குடித்த தண்ணீரில் மருந்து வாசம் வரும். இதைச் சொல்லும்போது பெரியம்மா அழவில்லை, சிரித்தார்.

படம் வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த உதவி இயக்குநர் தோழருக்கு அடுத்த படம் கிடைக்காது. ஒன்பது வருடமாக அந்தத் தொழிலில் இருக்கிறார், பாக்கி பேட்டாவே இன்னும் வரவில்லை. திசை கேட்கும் காட்சி படத்தில் இருந்தது. இடைவேளைக்கு முந்தைய காட்சி. தியேட்டரில் கைதட்டினார்கள், விமர்சனங்களில் அந்தக் காட்சியைத்தான் எழுதினார்கள். தண்ணீர்க் காட்சி இல்லை. ஏன் என்று தோழரிடம் கேட்டேன். "அத வச்சா இது வேற படமாயிரும்னு சொல்லிட்டாங்க தோழர்" என்றார். டைட்டில் கார்டில் பெரியம்மா பெயர் இல்லை, என் பெயர் இல்லை. நன்றிப் பட்டியலில் லாட்ஜின் பெயர் இருந்தது. ஒரு நேர்காணலில் இயக்குநர், அந்தக் காட்சி தனக்கு ஒருநாள் அரைத்தூக்கத்தில் தோன்றியது என்று சொன்னார். தூக்கம் என்னவோ உண்மைதான். யாருடைய தூக்கம் என்பதில்தான் தகராறு.

எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஆளுக்கொரு சால்வை, இரண்டு பெட்டி கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரிக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்! அந்த மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. எந்த மண்ணின் கடலை, எந்த ஆற்றின் தண்ணீர் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. நம் கடலைக்கு ஊர் உண்டு, நம் கதைக்குக் கிடையாது.

நாங்கள் செய்த வேலைக்கு ஹாலிவுட்டில் ஒரு பெயர் இருக்கிறது. ஸ்கிரிப்ட் டாக்டர். எழுதி முடித்த திரைக்கதை நோயாளிபோலப் படுத்துக் கிடக்கும்போது, யாரையாவது கூப்பிட்டு நாடி பார்க்கச் சொல்வார்கள். அவர் ஒரு காட்சியைச் சேர்ப்பார், ஒரு பாத்திரத்தை நிமிர்த்துவார், போய்விடுவார். 'காட்ஃபாதர்' படத்தில் தோட்டத்தில் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசும் காட்சி, படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பார்கள். அதை எழுதியவர் ராபர்ட் டவுன். படத்தில் அவர் பெயர் இல்லை. 1973இல் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கியபோது கொப்போலா மேடையிலேயே அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். 'ஸ்டார் வார்ஸ்' நடிகை கேரி ஃபிஷர் 1990களில் இந்த வேலையைத் தொழிலாகவே செய்தார். 'ஹூக்', 'சிஸ்டர் ஆக்ட்' எல்லாம் அவர் கை பட்டவை.

இதைச் சொன்னதும் 'அங்கேயும் பெயர் போடுவதில்லை பாருங்கள்' என்று நம் ஆட்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அங்கே பெயர் இல்லையென்றால் காசு உண்டு, பெருங்காசு. சங்கம் உண்டு. யாருக்குப் பெயர் என்று தகராறு வந்தால், எல்லா வரைவுகளையும் சங்கத்தின் நடுவர்கள் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். வேறொருவரின் சொந்தத் திரைக்கதையைத் திருத்த வந்தவர் அதில் பாதியாவது எழுதியிருந்தால் பெயர், தழுவல் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கிலும் ஆயிரம் குறை இருக்கிறது, ஒரே ஒரு காட்சி எழுதிய டவுன் அதில் சிக்கவே மாட்டார். ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. இங்கே பெயரும் இல்லை, காசும் இல்லை, வாசலும் இல்லை.

நம்மிடம் இது புதிதும் அல்ல. ஸ்டுடியோ காலத்தில் 'கதை இலாகா' என்றே ஒன்று இருந்தது. மாதச் சம்பளத்துக்கு எழுத்தாளர்கள் உட்கார்ந்து கதை செய்தார்கள். தேவர் பிலிம்ஸின் கதை இலாகாவில் தூயவன், கலைஞானம் போன்றவர்கள் இருந்தார்கள். டைட்டிலில் சில நேரம் 'கதை இலாகா' என்றே வரும், உள்ளே இருந்த ஆட்களின் பெயர் வராது. தபால் இலாகா மாதிரி. அதே தேவர் 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்தார். அவருடைய பழைய 'தெய்வச் செயல்' கதைதான். அதைச் செப்பனிட இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சலீம் கான், ஜாவேத் அக்தர். வைத்தியம் பார்க்க வந்தவர்களுக்குத் திரைக்கதை என்று பெயரும் கிடைத்தது. 1973இல் 'சஞ்சீர்' போஸ்டர்களில் தங்கள் பெயர் இல்லை என்றதும் அவர்கள் ஒரு பெயிண்டரைப் பிடித்து, பம்பாய்ச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த போஸ்டர்கள் மேல் தங்கள் பெயரை அச்சு வைத்து எழுதச் சொன்னார்கள். நடிகர்களின் முகத்தின் மேலெல்லாம் பெயர்! எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

பெரியம்மாவால் பெயிண்டர் வைக்க முடியாது. இங்கேதான் சாதி வருகிறது. 'இதிலும் சாதியா' என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு திரைக்கதையில் அதிகம் நோய்ப்பட்டுக் கிடக்கும் பகுதி எது என்று பாருங்கள். சேரி, சாவு வீடு, பறை, பன்றி வளர்ப்பு, துப்புரவு வேலை, சூளை, தீப்பெட்டி, உப்பளம். எழுதுகிறவருக்குத் தெரியாத இடம் அதுதான். அங்கே வைத்தியம் பார்க்க வரவழைக்கப்படுகிறவர் யார்? பெரும்பாலும் நம் பிள்ளை. 'அந்த மக்களோட லைஃப் தெரிஞ்ச பையன்' என்று சொல்லி உதவி இயக்குநராக வைத்துக்கொள்வார்கள். அவன் தன் அம்மாவை, அத்தையை, ஊரை எல்லாம் டிஸ்கஷனில் கொட்டுவான். கொட்டியது 'தகவல்' ஆகிவிடும். அதை வாங்கி அடுக்கியது 'படைப்பு' ஆகிவிடும். உழைப்பு ஒருவருடையது, மூளை இன்னொருவருடையது என்கிற பாகப்பிரிவினையை நாம் வேறு எங்கோ கேட்டிருக்கிறோம்தானே.

பெயர் போடவில்லை என்பது ஒரு வரி விடுபட்ட விஷயமும் அல்ல. பெயர் இருந்தால் கூடவே ஒரு குரல் இருக்கும். 'திசை கேட்கிற காட்சியை வைத்தால் தண்ணீர்க் காட்சியையும் வை' என்று சொல்லும் அதிகாரம் இருக்கும். பெரியம்மா இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார். அவர்கள் ஏழ்மையை எடுத்துக்கொண்டார்கள், தீண்டாமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படம் பார்த்தவர்களுக்கு அவள் ஓர் ஏழைச் சிறுமி. அவ்வளவுதான்.

இந்தத் தீப்பெட்டிப் பிள்ளைகளின் கதையை, அந்த வாழ்க்கையை அறிந்த ஒருவரே எடுத்த படமும் உண்டு. 1990களில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காகப் பூமணி எழுதி இயக்கிய 'கருவேலம் பூக்கள்'. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். மூன்று பேர். சரி.

பூமணியின் 'வெக்கை' 2019இல் வெற்றிமாறன் இயக்கத்தில் 'அசுரன்' ஆனது. பூமணி பெயர் முறையாக வந்தது. நம் ஊர் தியேட்டரில் அந்தப் பெயருக்கு விசில் அடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இதையும் யோசியுங்கள். 'வெக்கை'யில் பஞ்சமி நிலம் இல்லை, படத்தில் இருக்கிறது. பஞ்சமி நிலம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு நாக்கில் திரும்பக் கொண்டுவந்து வைத்தது யார்? 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் துப்பாக்கிச்சூட்டில் செத்துப்போன ஜான் தாமஸும் ஏழுமலையும். அவர்களோடு நின்ற மக்கள். அந்தத் திரைக்கதையில் அவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இதற்கு டைட்டில் கார்டு கேட்க முடியாது என்று எனக்கும் தெரியும். தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, கேட்கக்கூடிய இடத்தில் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? 2014இல் 'கத்தி' வந்தபோது மீஞ்சூர் கோபி அது தன் கதை என்றார். வெற்றி கிடைக்கவில்லை. 2017இல் 'அறம்' எடுத்து, கோபி நயினார் என்று தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டார். 2018இல் 'சர்கார்' வந்தபோது வருண் ராஜேந்திரன் 'செங்கோல்' என்று தான் முன்பே சங்கத்தில் பதிவு செய்த கதையைக் காட்டினார். எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் ஒற்றுமை இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். சமரசம் ஆகி, வருணுக்குப் படத்தில் நன்றி சொன்னார்கள். அவர் கையில் ஒரு பதிவு எண் இருந்தது, அதனால் அவ்வளவாவது நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் எழுத்து' என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு என்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி 1980களில் தன் நாவலைச் சிதைத்துப் படமெடுத்தவர்களை டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு இழுத்தது இந்தப் பிரிவில்தான். ஆனால் கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்குத்தான் என்று 1978இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயமான தீர்ப்புதான், இல்லாவிட்டால் ஒருவர் காதல் கதை எழுதிய பிறகு இன்னொருவர் எழுத முடியாது. ஆனால் லாட்ஜ் தரையில் உட்கார்ந்து வாயால் சொன்ன பெரியம்மா எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? எழுத்து யார் கையில் இருந்ததோ அவர் பக்கம்தான் சட்டமும் நிற்கிறது. எழுத்து யார் கையில் இருந்தது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நமக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. நம் பக்கத்து உருளைக்குடிக்காரர் சோ.தர்மன், தான் பல வருடங்களுக்கு முன் எழுதிய 'வாழையடி' சிறுகதை அப்படியே இதில் இருக்கிறது என்றார். சமூக ஊடகங்களில் நம் தோழர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தர்மனைப் பொறாமைக்காரர் என்று எழுதினார்கள், மாரியைத் திருடன் என்று எழுதினார்கள். இரண்டும் அசிங்கம். மாரி என்ன செய்தார்? அந்தக் கதையை இப்போதுதான் படித்தேன், எல்லோரும் படியுங்கள் என்று அதைப் பகிர்ந்தார். வாழைத்தாரைச் சுமந்தது ஒரு பிள்ளை அல்ல. ஒருவர் தன் முதுகில் சுமந்ததை எழுதுகிறார், ஒருவர் தன் சொந்தக்காரப் பிள்ளைகள் சுமந்ததைப் பார்த்து எழுதுகிறார். இரண்டு கதையும் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் அதிசயம். என் பார்வையில் அங்கே திருட்டு இல்லை. ஆனாலும் முதலில் எழுதியவருக்கு வலித்திருக்கும் என்பதையும், அந்த வலியைக் கேலி செய்தவர்கள் நம் ஆட்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. அடுத்தவன் நமக்குப் பெயர் போடாதபோது வரும் கோபம், நாம் நமக்குள் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் எங்கே போய்விடுகிறது?

இதை நான் சொல்லலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

படம் வந்த கொஞ்ச நாளில் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடித்தேன். சந்தோஷத்தில் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், முதியோர் கல்வியில் படித்தது. திசை கேட்ட கதை இருக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வாசித்தார். கீழே வந்து நின்றார். "த-க-வ-லா-ளி... பதினாலு. இது யாரு?"

"நீங்கதான் பெரியம்மா."

"எம் பேரு எங்க?"

ஆய்வு நெறி என்று ஒன்று இருக்கிறது, பெயரை மறைக்க வேண்டும், உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கூசியது. லாட்ஜில் இருந்து வெளியே வந்த நாளில் இருந்து நான் அந்த இயக்குநரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் படத்துக்கு அவர் பெயர், என் ஆய்வேட்டுக்கு என் பெயர். நாளைக்கு எனக்கு முனைவர் பட்டம், பெரியம்மாவுக்கு ஓர் எண். அவராவது கடலை மிட்டாய் கொடுத்தார்.

பிறகு, நான் பேட்டி எடுத்த முப்பத்தோரு பெண்களிடமும் மறுபடி போனேன். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். எல்லோரும் போடச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், அதுவும் ஒரு திமிர்தான். பதினொரு பேர் வேண்டாம் என்றார்கள். சிலர் இன்னும் அதே முதலாளியிடம் வேலை பார்க்கிறார்கள், சிலருக்கு முன்பணக் கடன் இருக்கிறது. ஒருவர், மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இப்போது வேண்டாம் என்றார். மறைப்பதும் சில நேரம் பாதுகாப்புதான். அமெரிக்காவில் 1947இல் கம்யூனிஸ்ட் என்று தடை செய்யப்பட்ட டால்டன் டிரம்போ, 'ரோமன் ஹாலிடே' கதையை நண்பர் பெயரில்தான் எழுதிப் பிழைத்தார். படம் 1953இல் வந்தது, அவர் பெயரைச் சங்கம் முறையாகத் திரும்பச் சேர்த்தது 2011இல். அவர் செத்து முப்பத்தைந்து வருடம் கழித்து. ஆனால் மறைவது அவருக்குத் தெரிந்து நடந்தது. நான் யாரையும் கேட்காமலே மறைத்திருந்தேன்.

இங்கே உதவி இயக்குநர்களாகப் போக இருக்கிற தம்பி தங்கைகள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டே விஷயம். டிஸ்கஷனில் உட்காரும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில் எந்தக் காட்சியை யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள், அன்றைக்கே அதை மின்னஞ்சலில் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். சண்டையாக வேண்டாம், 'இன்று பேசியவை' என்று தலைப்பிட்டு அனுப்புங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டாவது, நாளைக்கு நீங்கள் இயக்குநர் ஆகும்போது உங்கள் ஊர்ப் பெரியம்மாவை லாட்ஜுக்கு வரச்சொன்னால் பேசிய நாளுக்குக் கூலி கொடுங்கள். கட்டைக் கணக்கானாலும் சரி.

ஆய்வேட்டில் இப்போது இருபது பெயர்கள் வருகின்றன. நெறியாளர் என்ன சொல்லப்போகிறார், பல்கலைக்கழகம் என்ன சொல்லப்போகிறது என்று இன்னும் தெரியாது. பெரியம்மா பெயரை இந்த மேடையில் நான் சொல்லாததைக் கவனித்திருப்பீர்கள். "மொதல்ல புத்தகத்துல வரட்டும், மைக்ல பொறவு சொல்லு" என்றுவிட்டார். இனிஷியல் என்ன போடட்டும் என்று கேட்டேன், தாத்தா பெயரின் எழுத்தா, பெரியப்பா பெயரின் எழுத்தா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கம்மா பேருல இருக்கிற எழுத்தப் போடு. அவதான தூக்கிட்டுப் போயி வேன்ல போட்டா" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.